பங்கில்லாத பங்காளி

ஒரு தாத்தாவின் விலை அந்த வருஷம் செஞ்சியில் நூற்றைம்பது ரூபாய். பேரம் பேசத் தெரிந்தவனுக்கு நூற்றிருபதுக்குப் படியும்.

தாத்தா என்றால் ஆள் வராது, காகிதம்தான் வரும். இன்னார் இன்ன கிராமத்தில் பிறந்தார், பிழைப்புக்காகச் சிலோனுக்குப் போனார், மனு கொடுப்பவர் அவருடைய சொந்தப் பேரன் என்று ஒரு தாள். அடியில் வட்டமாக ஒரு ரப்பர் முத்திரை. முத்திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று உற்றுப் பார்க்கக் கூடாது. கோயிலில் மூலவரைப் பார்ப்பதுபோல் தூரத்திலிருந்து கும்பிட்டுவிட்டுப் போய்விட வேண்டும். விற்றவன் பெயர் பச்சைமுத்து. பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சுதான் அவனுடைய ஆபீஸ்.

இந்த வியாபாரத்துக்குக் காரணம் பச்சைமுத்து இல்லை. அறுபத்துநாலில் டெல்லியும் கொழும்பும் உட்கார்ந்து, தேயிலைத் தோட்டத்துத் தமிழர்களைப் பங்கு பிரித்தன. ஐந்தேகால் லட்சம் உனக்கு, மூன்று லட்சம் எனக்கு. மிச்சமிருந்த ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மூட்டை கட்டி ஓரமாக வைத்தார்கள். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை விற்கிற மண்டியில்கூட மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் இப்படிப் பங்கு போடமாட்டார்கள். ஆக, அறுபத்தெட்டில் ஊரூராகத் தாத்தாவைத் தேடிக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தேவை இருக்கிற இடத்தில் சரக்கு முளைக்கும்.

"எந்த ஊர்ல வேணும்?" என்றான் பச்சைமுத்து. "அவலூர்பேட்டையில ரெண்டு தாத்தா ரெடியா இருக்காங்க. சிங்கவரம்னா பத்து ரூபா ஜாஸ்தி."

"அது ஏங்க ஜாஸ்தி?"

"டவுனுக்குப் பக்கம். விசாரிக்க வர்றவனுக்கு பஸ் செலவு மிச்சம். அவனுக்கு மனசு குளுந்துடும்."

எதிரே உட்கார்ந்திருந்தவன் அடைக்கலராஜ். வயது முப்பத்தைந்து. ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து நிறுத்துக் கணக்குச் சொன்னவன். தராசில் யார் விரல் வைத்தாலும் கண்டுபிடித்துவிடுவான். ஆறு மாதத்துக்கு முன் கப்பலேறி வந்து, சிங்கவரத்தில் ஒரு களத்தில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தான். மனைவியும் மகளும் அங்கே தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில். இவன் இங்கே தங்க அனுமதி தை மாதக் கடைசிவரை. அதற்குள் இந்தியக் குடிமகன் என்று பதிவாகாவிட்டால் திரும்பக் கப்பலேற வேண்டும். திரும்பிப் போகிற இடத்திலும் அவன் யாரும் இல்லை. அங்கே மனுப் போட்டு, 'நீ இந்தியாக்காரன்' என்று தள்ளிவிட்டார்கள். இங்கே தாலுகா ஆபீசில் வாய் திறந்ததும், 'சிலோன்காரனா நீ?' என்றார்கள். இரண்டு பக்கமும் அடி வாங்குகிற மத்தளத்துக்காவது தாங்கிக்கொள்ள வார் கட்டி இருக்கும்.

"எனக்குச் சொந்தத் தாத்தா இருக்காருங்க," என்றான் அடைக்கலராஜ்.

"இருந்தா இட்டாந்து காட்டு."

"செத்துப் போயிட்டாரு."

"அதான் சொல்றேன். செத்தவரு வந்து சாட்சி சொல்ல மாட்டாரு. எங்கிட்ட இருக்கிற தாத்தா காகிதத்துலயே பேசுவாரு."

அடைக்கலராஜ் டீக்குக் காசு வைத்துவிட்டு எழுந்தான். அவன் வேட்டியைச் சரிசெய்வதற்குள் தாத்தா நூற்றிருபதுக்கு இறங்கினார். இரண்டடி வைத்ததும் நூறு. அப்போதுதான் அவனுக்குச் சந்தேகம் உறுதியானது. எழுந்து நின்றதற்கே ஐம்பது ரூபாய் குறைகிற சரக்கு, வீட்டுக்குக் கொண்டுபோனால் மிஞ்சாது.

சொந்தத் தாத்தா விஷயத்தில் பொய்யில்லை. தாத்தா பெயர் ராயப்பன். அனந்தபுரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு கிறிஸ்தவக் கிராமத்திலிருந்து, தோட்டத்துக்கு ஆள் சேர்க்க வந்த கங்காணியோடு கண்டிச் சீமைக்குப் போனவர். கோயில் சாமியாரிடம் போனால் ஞானஸ்நானப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். அதில் ராயப்பன் இல்லை. 'பெட்ரூஸ்' என்று லத்தீனில் இருந்தது. ராயப்பர் என்றாலும் பெட்ரூஸ் என்றாலும் ஏசுவின் சீடரான அதே அர்ச்சிஷ்டவர்தான், வேதக்காரர் வீட்டுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவுக்குத் தெரியவில்லை. "இவங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பியா?" என்று கேட்டார். சாமியார் அதற்கும் ஒரு விளக்கக் கடிதம் கொடுத்தார். ஆனால் சிக்கல் வேறு. அந்தப் பத்து வருஷத்தில் அந்த ஊரில் ஐந்து பெட்ரூஸ்கள் பிறந்திருந்தார்கள். எந்தப் பெட்ரூஸ் கப்பலேறினான் என்று புத்தகம் சொல்லாது. உறவுக்காரன்தான் சொல்ல வேண்டும்.

உறவுக்காரன் இருந்தான். ராயப்பனின் தம்பி மகன் பிலவேந்திரன். இரண்டு காணி நிலம், ஒரு கிணறு, ஒரு நாய், எல்லார்மேலும் சந்தேகம். பக்கத்து நிலத்துக்காரன் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டால், எழுந்து போனபிறகு வரப்பை முழம் போட்டுப் பார்க்கிற ஆள். அடைக்கலராஜ் வந்த புதிதில் அவர் வீட்டைத் தேடிப் போனான்.

"சித்தப்பா, நான் கண்டிக்குப் போன ராயப்பன் பேரனுங்க."

"யார்யா ஒனக்கு சித்தப்பா?"

"எங்க தாத்தாவும் உங்க நைனாவும் கூடப் பொறந்தவங்கன்னு எங்கப்பா..."

"எங்க பெரியப்பன் கண்ணாலம் கட்டாமயே செத்தாரு. கட்டாதவருக்கு இன்னாடா பேரன்?"

உள்ளே பிலவேந்திரன் மனைவி அமலோற்பவம் சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு நடை வரைக்கும் வந்துவிட்டாள். பிலவேந்திரன் ஒரு பார்வை பார்த்தார். சொம்பு உள்ளே திரும்பிப் போனது. தண்ணீர் கொடுத்தால் உறவை ஒத்துக்கொண்ட மாதிரி. உறவை ஒத்துக்கொண்டால் ஒரு காணி போன மாதிரி. இது அவருடைய கணக்கு. அடைக்கலராஜ் இன்னொரு முறை 'சித்தப்பா' என்றதும் நாயை அவிழ்த்துவிட்டார். அவன் ஓடவில்லை. நாய்தான் வாசலில் நின்று கொஞ்ச நேரம் கத்தியது. பிறகு அதற்கே கூச்சமாகிவிட்டது.

டீக்கடையிலிருந்து எழுந்து வந்த அன்றே அடைக்கலராஜ் வக்கீல் சுந்தரமூர்த்தியின் படியேறினான். திண்டிவனம் ரோட்டில் உரக்கடைக்கு மேலே அவருடைய அறை. அவருடைய அப்பா மல்லாட்டை மண்டி வைத்திருந்தவர். மகன் சட்டம் படித்தாலும் மண்டிக் கண் போகவில்லை. வருகிற ஆளை முதலில் ஈரமா காய்ந்ததா என்று பார்ப்பார்.

அடைக்கலராஜ் தன் அடையாளச் சீட்டை மேஜைமேல் வைத்தான். "இதுல நாடற்றவர்னு போட்டிருக்காங்க சார். நாதியற்றவர்னு அர்த்தங்களா?"

"ரெண்டும் பக்கத்து வீடுதான். ஆனா நாதி இல்லாதவனுக்குச் சட்டத்துல வழி கெடையாது. நாடு இல்லாதவனுக்கு இருக்குது." அலமாரியிலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்தார். "ஐம்பத்தஞ்சாம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டம். அஞ்சாம் பிரிவு. அப்பன், ஆயி, பாட்டன், பாட்டி, இதுல யாராவது ஒருத்தர் இந்த மண்ணுல பொறந்திருக்கணும். நீ மனுப் போடறதுக்கு முன்னால ஆறு மாசம் இங்க குடியிருக்கணும். கடலூர் கலெக்டர்கிட்ட மனு. சத்தியப் பிரமாணம். அவ்ளோதான். உன் பேரு ஏறிட்டா உன் சம்சாரத்துக்கும் பொண்ணுக்கும் இதே பிரிவுல வழி உண்டு."

"செலவு?"

"சில்லறைதான். ஏன், டீக்கடையில பச்சைமுத்து எவ்வளவு சொன்னான்?"

"நூத்தம்பது. எழுந்து நின்னதும் நூறு."

"நடந்திருந்தா ஓசியிலயே வந்திருப்பாரு தாத்தா. வாங்கலியே? பொய் சொல்லி வாங்கின குடியுரிமைய அப்புறம் ரத்து பண்ணலாம். உள்ளயும் போடலாம். ரெண்டு கரைக்கும் ஆவாம நடுக்கடல்ல நிப்ப." பெட்ரூஸ் கதையையும் நாய்க் கதையையும் கேட்டுவிட்டு அவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். "சரி, நெசத்தைச் சொல்லு. பிலவேந்திரன்கிட்ட நிலம் வேணுமா?"

"வேணாங்க. அவர் சொந்தம்னு ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

"வேணாம்னு அவர்கிட்ட சொன்னியா?"

"நூறு தடவ சொன்னேன்."

"தப்பு அங்கதான். சரக்கு வேணாம்னு சொல்றவனைப் பார்த்தா வியாபாரி பயந்துடுவான். வேற ஏதோ திருட வந்திருக்கான்னு நெனைப்பான்."

மறுநாளே பிலவேந்திரனுக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் போனது. மூன்றே வரி. 'என் கட்சிக்காரர் அடைக்கலராஜ், காலஞ்சென்ற ராயப்பனின் பேரன். அவர் தங்களுக்குப் பங்காளியா, இல்லையா என்பதைத் தாங்கள் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.' நிலம் என்றோ பாகம் என்றோ அதில் ஒரு சொல் கிடையாது.

தேவையும் இல்லை. பங்காளி என்ற சொல்லுக்குள்ளேயே பங்கு உட்கார்ந்திருக்கிறதே. மாமன் என்றால் சீர் செய்வான், மச்சான் என்றால் கேலி பேசுவான், பங்காளி என்றால் நூல் பிடித்து அளப்பான். பிலவேந்திரன் நோட்டீஸைத் தபால்காரன் வாயால் படிக்கச் சொல்லிக் கேட்டார். மூன்று வரிக்கு நடுவில் தன் கிணற்றைப் பார்த்தார்.

முதலில் திண்டிவனத்துக்கு ஓடினார். அங்கிருந்த ஒரு வக்கீல், "அம்பது வருஷமா அனுபவிச்சுக்கிட்டு இருக்கீங்க. எவனும் கேக்க முடியாது, போங்க," என்று சொன்னார். பிலவேந்திரனுக்குத் திருப்தியில்லை. இவ்வளவு லேசாகச் சொல்கிறவனுக்கு எதிராளி காசு கொடுத்திருப்பான். நேராகச் செஞ்சிக்கு பஸ் ஏறி, சுந்தரமூர்த்தியின் அறைக்குள் வந்து நின்றார். கூடவே அமலோற்பவம். இவரை எவனாவது ஏமாற்றினால் பார்ப்பதற்கு ஓர் ஆள் வேண்டுமல்லவா?

அடைக்கலராஜ் அப்போது மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

"நெலத்துக்குத்தானே கேஸு போடப் போற?" என்றார் பிலவேந்திரன்.

"கேஸ் போட்டாலும் நிக்காது. அம்பது வருஷ அனுபவம். நிலம் உங்களுதுதான்," என்றார் சுந்தரமூர்த்தி.

பிலவேந்திரன் மனைவியைப் பார்த்தார். எதிராளியின் வக்கீலே 'உன் நிலம்தான்' என்று சொன்னால் அதில் என்னமோ இருக்கிறது!

"மேலும் என் கட்சிக்காரருக்கு நிலம் வேண்டாமாம்."

"வேணாமாமா?" பிலவேந்திரன் குரல் ஏறியது. "அப்டின்னா எழுதிக் குடுக்கச் சொல்லு."

"எதுக்குங்க? வாய் வார்த்தை போதாதா?"

"வாய் வார்த்தைய வெச்சி மாட்டுக்குப் பில்லு வாங்க முடியுமா? பங்கு வேணாம்னு விடுதலைப் பத்திரம் எழுதணும். ரிஜிஸ்தர் பண்ணணும்."

வக்கீல் பேனாவைத் திறந்தார், மறுபடி மூடினார். "வீண் செலவு. அவர் ஒருத்தர் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு யாராச்சும், இவர் யாரு, இவருக்கு ஏது பங்கு விட்டுக் குடுக்கன்னு கேப்பாங்க. உங்களுக்குத்தான் சங்கடம்."

"அதான் கேக்கறேன்! ரெண்டு பேரும் போடறோம். அவன் யாருன்னு நானே எழுதித் தர்றேன். இன்னாருக்கு இன்னான் பேரன்னு தலைமொற போட்டு எழுது. எங்க ஊருல அஞ்சு ராயப்பன். மத்த நாலு ராயப்பன் பேரனுங்க நாளைக்கு இதே மாதிரி வந்து நிக்கக் கூடாது. எங்க ஊருல பொறந்த, எங்க நைனா கூடப் பொறந்த, கண்டிக்குப் போன ராயப்பன்னு அச்சு மாதிரி எழுது. சந்து பொந்து இருக்கக் கூடாது."

"செலவு?"

"நான் குடுக்கறேன். ஒனக்கு ஃபீஸும் நானே குடுக்கறேன். அவன் காசுல எழுதினா அவனுக்குச் சாதகமா எழுதிடுவ."

"நீங்க ரொம்ப உஷார்," என்றார் சுந்தரமூர்த்தி. இதை அவர் சிரிக்காமல் சொன்னதுதான் அன்றைக்கு அவர் செய்த கடினமான வேலை.

அவர்கள் கீழே இறங்கியதும் அடைக்கலராஜ் எழுந்தான். அவன் முகம் சரியில்லை.

"சார், பங்காளின்னு நோட்டீஸ் விட்டது எனக்குத் தெரியாது. இப்ப பத்திரம்ங்கறீங்க. அதுல வேற என்னத்தை எழுதப் போறீங்க?"

"எம்மேல சந்தேகமா?"

"எங்கப்பா அம்பதாம் வருஷம் அங்க ஒரு காகிதத்துல ரேகை வெச்சாரு. குடியுரிமைக்கு மனுன்னு சொல்லித்தான் வெக்கச் சொன்னாங்க. அதுல ஒரு தேதி தப்பா இருந்துச்சாம். அதையே காட்டித் தள்ளிட்டாங்க. சாகற வரைக்கும் அந்தக் கட்டைவிரலைப் பார்த்துக்கிட்டே கெடந்தாரு."

சுந்தரமூர்த்தி நாற்காலியை அவன் பக்கம் திருப்பினார். "ரிஜிஸ்தர் ஆபீஸ்ல படிச்சுக் காட்டுவாங்க. ஒவ்வொரு வார்த்தையாக் கேளு. புடிக்கலைன்னா எழுந்து வந்துடு. எழுந்து நிக்கறது உனக்கு நல்லாவே வருது."

குறித்த நாளில் சப் ரிஜிஸ்திரார் ஆபீசில் நான்கு பேரும் கூடினார்கள். வாசல் வேப்பமரத்தடியில் பச்சைமுத்துவும் நின்றான். எதற்கு நின்றான் என்று யாரும் கேட்கவில்லை. அவன் நிற்காத வாசல் செஞ்சியில் கோட்டை வாசல் ஒன்றுதான். அங்கே விற்க ஆளில்லை.

பத்திரத்தைப் படிக்கச் சொன்னார்கள். குமாஸ்தா மூச்சு விடாமல் படித்தார். அடைக்கலராஜ் ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டான். கையெழுத்துப் போடக்கூடாது என்ற முடிவோடுதான் வந்திருந்தான்.

"...மேற்படி கிராமத்தில் பிறந்து, பிழைப்பின் நிமித்தம் சிலோனுக்குப் போய் அவ்விடத்தில் காலமான ராயப்பன் மகன் மாணிக்கம் மகன் அடைக்கலராஜ், எங்கள் வம்சத்துப் பங்காளி என்பதை நாங்கள் இருவரும் மனப்பூர்வமாக ஒப்புக்கொண்டு..."

அடைக்கலராஜ் நிமிர்ந்தான். "அதை இன்னொரு தடவை படிங்க."

"எதை?"

"பிறந்து-ங்கறதுலேருந்து."

குமாஸ்தா முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி படித்தார். அடைக்கலராஜ் வக்கீலைப் பார்த்தான். வக்கீல் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிலத்தை விட்டுக்கொடுக்கிற பத்திரத்துக்குள் தாத்தா நின்றுகொண்டிருந்தார். விட்டுக்கொடுக்க வேண்டுமானால் முதலில் பங்காளியாக இருந்தாக வேண்டும். அடைக்கலராஜ் பேனாவை வாங்கி, முழுப் பெயரையும் எழுத்தெழுத்தாகப் போட்டான்.

பிலவேந்திரன் ஒருமுறைக்கு இருமுறை எல்லை விவரத்தைக் கேட்டுவிட்டு, கிணறு வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தன் கையெழுத்தைப் போட்டார்.

அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இந்த அடைக்கலராஜை அடையாளம் காட்டறது யாரு? உள்ளூர்ல இவரைத் தெரிஞ்சவங்க யாராச்சும்?"

பத்திரம் நின்றுபோய்விடுமோ என்று முதலில் பதறியவர் பிலவேந்திரன்தான். "ஏ, நீ சொல்லேன்," என்று மனைவியை முன்னால் தள்ளினார்.

"நீங்க இவருக்கு என்ன வேணும்மா?"

"சித்தி மொறைங்க. எனக்கு மவன் மாதிரி."

"நல்லாத் தெரியுமா?"

"வூட்டுக்கு வந்துச்சிங்க. நாய அவுத்து வுட்டாரு இவரு. ஓடல. எங்க மாமனாரு வமிசத்துல எவனும் நாய்க்கு ஓட மாட்டான்."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது, எழுதிக்கொண்டார். அமலோற்பவம் தன் பெயரைக் கோணல்மாணலாகப் போட்டாள்.

வெளியே வருகிற வழியில் சுந்தரமூர்த்தி குமாஸ்தாவிடம் நகல் கேட்டு மனுக் கொடுத்தார். பிலவேந்திரனின் காது விடைத்தது.

"நகல் எதுக்கு?"

"கடலூருக்கு. கலெக்டர் ஆபீசுக்கு. இவருடைய தாத்தா இந்த நாட்டுல பொறந்தவர்ங்கறதுக்குச் சாட்சி."

பிலவேந்திரன் நின்றார். வேப்பமரத்து நிழலில் அவர் முகத்தில் கணக்கு ஓடுவது தெரிந்தது. எங்கே நஷ்டம் என்று தேடினார். நிலம் இருந்தது. கிணறு இருந்தது. ஆனாலும் எதையோ விலை சொல்லாமல் விற்றுவிட்ட மாதிரி இருந்தது.

"இதுக்குத்தானா? இதை மொதல்லயே கேட்டிருந்தா குடுத்திருப்பனே!"

"கேட்டேன் சித்தப்பா," என்றான் அடைக்கலராஜ். "நாய அவுத்து விட்டீங்க."

பிலவேந்திரன் இந்தத் தடவை 'யார்யா சித்தப்பா' என்று கேட்கவில்லை. கேட்க முடியாது, அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். பஸ்ஸில் ஏறும்போது மட்டும் மனைவியிடம், "வூட்டுக்குப் போனதும் கெழக்கு மூலை கல்லு இருக்குதான்னு பாக்கணும்," என்றார்.

அவர்கள் போனபின் பச்சைமுத்து மெதுவாக வக்கீலிடம் வந்தான்.

"சார், அந்தப் பத்திரத்துல எனக்கும் ஒரு நகல் கெடைக்குமா?"

"உனக்கு எதுக்குடா?"

"நல்ல தாத்தா சார். ரிஜிஸ்தர் ஆனவரு. இன்னும் நாலு பேரனைத் தாங்குவாரு."

"ஓடிடு. இல்லைன்னா பிலவேந்திரன்கிட்ட சொல்லிடுவேன், நாலு பங்காளி வர்றாங்கன்னு."

பச்சைமுத்து அன்று நடந்த வேகத்தில் அதற்கு முன்பும் பின்பும் நடந்ததில்லை.

கடலூரில் விசாரணை நடந்தது. பத்திரத்தைப் பார்த்த அதிகாரி இரண்டு முறை முன்னும் பின்னும் புரட்டினார். சந்தேகம்தான். பிறகு, "சொத்தை விட்டுக் குடுக்கறதுக்காக எவனும் பொய்த் தாத்தா வெச்சுக்க மாட்டான்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு குறிப்பெழுதினார். அனுமதி முடிய இன்னும் சில நாட்கள் இருக்கையில், தை மாதத்தில், அடைக்கலராஜ் கையை உயர்த்திச் சத்தியப் பிரமாணம் எடுத்தான். சான்றிதழை வாங்கியவன் அங்கேயே நின்று வார்த்தை வார்த்தையாக இரண்டு தடவை படித்தான். தேதிகளை மூன்று தடவை.

அன்று மாலை செஞ்சிக்கு வந்து, வக்கீலிடம் ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டான். சுந்தரமூர்த்தி அவனுடைய காகிதக் கட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் மண்டிக் கணக்குப்போல எழுதிக் கொடுத்தார்:

வரவு: தாத்தா ஒன்று, அசல். நாடு ஒன்று.

பற்று: எப்போதும் கைக்கு வராத நிலத்தில் சரிபாதி.

முத்திரைத்தாள், பதிவுச் செலவு, வக்கீல் ஃபீஸ்: பிலவேந்திரன் கணக்கில் தீர்ந்தது.

நிலுவை, கப்பலில் வர வேண்டியது: மனைவி, மகள். மனு தயார்.

நிலுவை, பிலவேந்திரன் வீட்டிலிருந்து வர வேண்டியது: தண்ணீர், ஒரு சொம்பு.